ஸ்டியரிங்குக்குள் மருந்து

எனக்குச் சந்தேகப் புத்தி. இது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். பரீட்சைத் தாளில் இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்திருந்தால், இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து மறுபடியும் எழுதச் சொல்வேன். தர்பூசணிக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், ஒரு துண்டு வெட்டி உள்ளே சிவப்பைக் காட்டினால்தான் வாங்குவேன். இப்படிப்பட்டவள் பழைய கார் வாங்கப் போனால் விற்கிற மனுஷர் பாடு என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்கியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீடு சாத்தூரில். பள்ளிக்கூடம் விருதுநகரைத் தாண்டி. நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கே ரோடு திரும்புகிறது, எங்கே மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாக இருக்கும். எங்கள் கணக்கு வாத்தியார் தன் காரில் என்னையும் இன்னொரு டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு நாள் நாங்கள் இருவரும் லீவு. அவர் மட்டும் போனார். நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். பெரிய வேகம்கூட இல்லை என்றார்கள். பெல்ட் போடவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் அடித்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கீறல்கூட இல்லையே டீச்சர், பெறகு எப்படிப் போனாக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் காதில் கேட்டது. அதற்குப் பிறகு பஸ்ஸில்தான் போனேன். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், முட்டி வீங்கிப் போனபோது முடிவு செய்தேன். கார் வாங்குவேன், நானே ஓட்டுவேன், ஆனால் என் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு பை வந்து நிற்கிற கார்தான் வாங்குவேன். அப்போது ஏர்பேக் என்கிற அந்தப் பை உள்ள கார்கள் குறைவு. உள்ள கார்களிலும் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இருக்கும்.

விருதுநகரில் பழைய கார் வாங்கி விற்கிற பாய் ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். இரண்டு மணி நேரம் அவர் பிராணனை வாங்கினேன். முன் சீட்டு பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். மெதுவாக இழுத்தால் வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அங்கேயே பிடித்து நிற்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெடுக்கென்று பத்துத் தடவை இழுத்தேன். பத்துத் தடவையும் நின்றது. கொக்கியை மாட்டி, பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்.

"டீச்சர், நீங்க கார் வாங்க வந்தீகளா, மாடு பிடிக்க வந்தீகளா?" என்று கேட்டார் பாய்.

"பை இருக்கா?"

"ஸ்டியரிங் நடுவுல எழுதியிருக்குல்ல."

"எழுத்த யாரு வேணா எழுதலாம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கிற வியாபாரியைக் கண்டாலே பிடிக்காது. ஆனாலும் வண்டி பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். வண்டியோடு வரவேண்டிய புத்தகம் மட்டும் இல்லை. தேடி எடுத்து அனுப்புகிறேன் என்றார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வெடிமருந்து கலக்கிற ஷெட்டுகள் அவர் பொறுப்பு. இருபத்தி நாலு வருடம் அந்த வேலை பார்த்த உடம்பு தனியாக ஒரு சட்டம் வைத்திருக்கும். எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் கதவைத் தேடும். கல்யாண வீட்டில் ஓர நாற்காலி. சினிமா கொட்டகையில் வாசல் ஓரம். நைலான் சட்டை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. ஷெட்டுக்குள் போகிறவர்கள் உடம்பிலிருக்கிற கரண்ட் இறங்குவதற்கு வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். கும்பிடுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பெல்ட்டை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழையபடி தொங்க விட்டுவிட்டார்.

"போடுங்க."

"என்னைய எதுக்குக் கட்டிப் போடுற?"

"இது கட்டுறது இல்ல, காப்பாத்துறது."

"எங்க ஷெட்டுல கதவு நாலு பக்கமும் வெளிய பாத்துத் தெறக்கும். எதுக்கு? ஓடுறதுக்கு. ஆபத்துன்னா ஓடணும். இங்கன பூட்டிக்கிட்டு உக்காரச் சொல்ற."

பிறகு என் முன்னால் இருக்கிற ஸ்டியரிங்கைக் காட்டி, அதற்குள்தான் பை இருக்கிறது, மோதினால் கண் இமைக்கிற நேரத்தில் ஊதி நிற்கும், என் முகம் அதில்தான் போய் விழும் என்று பெருமையாக விளக்கினேன்.

"காத்து எங்கேருந்து வரும்?" என்றார்.

"உள்ளேருந்துதான்."

"பம்ப்பு எங்கன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ ஒரு பம்ப்பு."

 கோவில்பட்டி வரை ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார். புது வண்டி ஆசை போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் எனக்கு மதுரையில் நாலு நாள் பயிற்சி வகுப்பு. பஸ்ஸில் போய்த் தங்கிவிட்டு வந்தேன். கார் வீட்டில்தான் நின்றது.

நான் திரும்பி வந்த மறுநாள் பாய் அந்தப் புத்தகத்தை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அடிக்கோடு போட்டுப் படித்தேன். பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் துடைக்க வேண்டும், சாயமோ அமிலமோ படக்கூடாது, நிழலில் காய வேண்டும், ஈரத்தோடு உள்ளே சுருள விடக்கூடாது. இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. தோளில் கிடக்க வேண்டும், கழுத்தில் அல்ல. ஒரு தடவை பெரிய மோதலில் இழுபட்ட பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் பைக்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு என்று போட்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் அது எரியும், சில நொடியில் அணையும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் கோளாறு.

சாவியைத் திருப்பினேன். எண்ணெய் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது. அது எரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். கண்ணாடி மேல் துண்டைப் போட்டு இருட்டாக்கிப் பார்த்தேன். ம்ஹூம். 

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற டிரைவரிடம் கேட்டேன். அவர் ஒரு வார்த்தையில் என் தூக்கத்தைக் கெடுத்தார். "மோதின வண்டியா இருக்கும் டீச்சர். பை ஒரு தடவ வெடிச்சா அம்புட்டுத்தான், புதுசு மாத்தணும். மாத்தாம மூடிய மட்டும் ஒட்டி வச்சு விப்பாக. விளக்கு காட்டிக் குடுத்துருமேன்னு பல்பைக் கழட்டிருவாக."

ஆகா! சிரித்த சிரிப்பு இதற்குத்தானா!

அன்றிலிருந்து அந்தக் காரை ஒரு போலீஸ்காரன் மாதிரி சோதனை போட்டேன். பானெட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றா என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒன்றுதான். பெயின்ட் நிறம் மாறியிருக்கிறதா என்று வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். மாறவில்லை. பெல்ட்டின் அடியில் துணி லேபிள் ஒன்று தைத்திருக்கும், அதில் செய்த வருடம் இருக்கும். மோதின வண்டி என்றால் பெல்ட்டையும் மாற்றியிருப்பார்கள், வருடம் வேறாக இருக்கும் என்றார் டிரைவர். பார்த்தேன். கார் வருடமும் பெல்ட் வருடமும் ஒன்றாகவே இருந்தன. அதற்கும் நான் சமாதானம் ஆகவில்லை. பக்கத்திலேயே சிவகாசியை வைத்துக்கொண்டு லேபிளை நம்பச் சொல்கிறீர்களா? எந்த லேபிளை அங்கே அச்சடிக்க முடியாது?

ஆனாலும் அந்தக் காரில்தான் போய் வந்தேன். முட்டி வீக்கத்தோடு பஸ்ஸில் நிற்க முடியவில்லை. லாரி பின்னால் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த மூடியைப் பார்ப்பேன். உள்ளே இருக்கிறாயா, இல்லையா? சீட்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளி, கை எட்டி எட்டாமல் ஓட்டினேன். கணக்கு வாத்தியாரின் மனைவி முகம் கண்முன் வரும். ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயம்.

தினமும் சாயங்காலம் இதைத்தான் வீட்டில் புலம்பினேன். திருட்டுப் பயல், ஏமாற்றுக்காரன், சிரித்தே கழுத்தை அறுத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு இட்லியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். "விடேன். பெல்ட்டு இருக்குல்ல" என்பார். இல்லையென்றால், "மெதுவா ஓட்டு" என்பார். 

இரண்டு வாரம் பொறுத்தேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அவருக்கு தீபாவளி ஆர்டர் வேலை, லீவு கிடையாது. நான் தனியாகவே விருதுநகருக்கு வண்டியை விட்டேன். பாய் கடையில் வேறொரு குடும்பம் கார் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று அவர்கள் காதில் விழும்படியாகவே ஆரம்பித்தேன்.

"பையில்லாத வண்டிய பை இருக்குன்னு வித்தீகளே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"டீச்சர், உள்ள வந்து உக்காந்து பேசுங்க."

"உக்கார வரல. பல்பைக் கழட்டி வித்தா கண்டுபிடிக்க மாட்டோம்னு நெனச்சீகளா? திருட்டுத்தனம்!"

கார் பார்க்க வந்த குடும்பம் மெல்ல நகர்ந்து போய்விட்டது. பாய் முகம் சுருங்கியது. ஆனால் சத்தம் போடவில்லை. தன் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "தெறந்து பாத்துருவோம். இருந்தா, நீங்க ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க. இல்லைன்னா வண்டிய இங்கனயே விட்டுட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கோங்க."

மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றார். கரண்ட் மிச்சம் இருக்கும், அது இறங்கட்டும் என்றார். பிறகு ஸ்டியரிங்கின் பின்பக்கமிருந்து போல்ட்டுகளைக் கழற்றி, மூடியைப் பூப்போலத் தூக்கினார். உள்ளே வெறும் குழி.

"பாத்தீகளா!" என்று கத்தினேன். என் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பயந்த மாதிரியே பை இல்லை, அதற்குப் போய்ச் சந்தோஷப்பட்டேன்!

பாய் குழிக்குள் விரலை விட்டு இரண்டு ஒயர் நுனிகளை வெளியே எடுத்தார். ஒவ்வொரு நுனியும் தனித்தனியாகப் பழுப்புத் தாளில் சுற்றியிருந்தது. மேலே பருத்தி நூல். மூன்று சுற்று, முடிச்சு கிடையாது, நுனி மடித்து உள்ளே சொருகியிருந்தது. அதே தாளில் சின்னதாக இன்னொரு பொட்டலம். பிரித்தால், விளக்கின் பல்பு.

பாய் அந்த நூலை உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது கார் வேல பாக்குறவன் கட்டு இல்ல. அவன் கருப்பு டேப்பு சுத்துவான். இது பட்டாசு ஆலையில திரி கட்டுற கை."

அவர் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கு அந்தக் கட்டைத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பளப் பொட்டலம் அப்படித்தான் கட்டியிருக்கும், பழைய கடிதங்கள் அப்படித்தான் கட்டியிருக்கும், கறிவேப்பிலைகூட அப்படித்தான். முடிச்சுப் போட்டால் அவசரத்துக்கு அவிழாது என்று நுனியை உள்ளே சொருகுகிறவர் ஒரே ஒருத்தர். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றவரை விட்டுவிட்டேன்.

 பாயிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை. ஏதோ உளறினேன்.

சாயங்காலம் ஆலை வேன் இவரை வாசலில் இறக்கிவிட்டது. கேட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார், கை கால் கழுவினார், உட்கார்ந்தார். தட்டில் சோற்றுக்குப் பதிலாக அந்தப் பழுப்புத் தாளை வைத்தேன்.

"பாத்துட்டியா" என்றார். அவ்வளவுதான்.

"ஏன் பண்ணீக?"

"கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள அம்புட்டுப் பெரிய பைய ஊதுறதுக்குக் காத்தால முடியாது. அது மருந்து. நீ மதுரைக்குப் போன நாலு நாள்ல ஒரு கார் டிரைவர்கிட்டக் கேட்டேன், ஆமா, உள்ள ஒரு குப்பி இருக்கு, கரண்ட்டு தொட்டதும் பத்திக்கிட்டுப் புகையா ஊதும்னான். இருவத்தி நாலு வருசம் மருந்தோட கிடக்கேன், எனக்குத் தெரியாதா? மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளி மருந்த வச்சுக்கிட்டு நீ தெனம் போயிட்டு வருவ. வண்டி பள்ளிக்கூடத்துல வெயில்லயே நிக்குது. நாங்க கோடையில வெயில் ஏறுனா வேலையவே நிறுத்திருவோம்."

"அது மூடி போட்டு, பாத்துப் பாத்துச் செஞ்ச சாமான். நம்ம ஊரு அணுகுண்டா?"

"எல்லாரும் பாத்துப் பாத்துத்தான் செய்யுறோம்."

 எனக்குக் கோபம் அடங்கவில்லை. "ரெண்டு வாரமா அந்த மனுசர நான் திருடன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். உங்க வாயில என்ன வச்சிருந்தீக?"

"சொன்னா மறுபடி மாட்ட வச்சிருவ."

"இன்னைக்கு நாலு பேர் முன்னாடி அவரக் கேவலப்படுத்திட்டு வந்துருக்கேன்!"

தலையைக் குனிந்துகொண்டார். நான் விடவில்லை. கணக்கு வாத்தியாரைச் சொன்னேன். நெஞ்சு பதறப் பதற அந்த ரோட்டில் போய் வந்ததைச் சொன்னேன். நீங்கள் எடுத்தது மருந்தை இல்லை, என் உயிரை என்று கத்தினேன். அப்போதுதான் அவர், கல்யாணமாகி அத்தனை வருடத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவரோடு வேலை பார்த்த ஒருவர். ஷெட்டில் தீப்பொறி. எல்லாரும் ஓடினார்கள். "கதவு தெறந்துதான் இருந்துச்சு. அவன் சட்டக் கை கொக்கியில மாட்டிக்கிச்சு. ஒரே ஒரு இழு இழுத்திருந்தா வந்திருப்பான். நான் வெளியேருந்து பாத்துக்கிட்டு நின்னேன்." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அந்தத் தட்டை எடுத்து வைக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று.

கழற்றிய குப்பியை என்ன செய்தார் என்று மறுநாள் கேட்டேன். ஆலையில் கழிவு மருந்தைத் தண்ணீரில் ஊற வைத்துத்தான் சாகடிப்பார்கள். இவரும் அதே போல மூன்று நாள் வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி, ஊருக்கு வெளியே பொட்டலில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்திருந்தார். கார் கம்பெனியின் மதுரை ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். அங்கிருந்த மெக்கானிக் பதறிவிட்டார். அது காற்றுகூடப் போகாமல் அடைத்த இரும்புக் குப்பி, தண்ணீரில் ஒரு வருஷம் கிடந்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது, மருந்து அப்படியேதான் இருக்கும், யாரும் கடப்பாரை போட்டுவிடப் போகிறார்கள் என்றார். ஆள் அனுப்பி எடுத்துப் போனார்கள். மருந்து விஷயத்தில் தன் கணக்கு தப்பிப்போனது அவருக்குப் பெரிய அடி. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஒரு கிலோ சேவு வாங்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். மன்னிப்பு கேட்டேன். எனக்கு அது வராத வித்தை, திக்கித் திணறித்தான் கேட்டேன். அவர் பொட்டலத்தை வாங்கி மேஜையில் வைத்தார்.

"திருடன்னு சொன்னதுகூடப் போகட்டும் டீச்சர், யாவாரத்துல கேக்குற வார்த்ததான். உள்ள ஒண்ணும் இல்லைன்னதும் சந்தோசப்பட்டீக பாருங்க. அதுதான் தாங்க முடியல."

டீ வரவழைத்தார். குடித்தேன். 

புதுப் பை மாட்ட வேண்டும் என்பதில் நான் ஒரு இம்மிகூட இறங்கி வரவில்லை. மாட்டினால் அந்தக் காரில் ஏறமாட்டேன் என்றார் இவர். ஏறவேண்டாம் என்றேன். ஒரு மாதம் அப்படியே போயிற்று. அதற்குள் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. என் பக்கமாவது பை வரும். அவர் பக்கம் பையே கிடையாது. என்றைக்காவது ஏறி உட்கார்ந்தால் பெல்ட்டும் போட மாட்டார். கதவுக் கொக்கியில் மாட்டிய சட்டைக் கையைப் பார்த்து நின்ற மனுஷரிடம், பெல்ட் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அதனால் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்ற காரில் அவர் உட்காருகிற சீட்டில் நான் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, சிவப்புப் பொத்தானை அமுக்கி, கதவைத் திறந்து இறங்கிக் காட்டினேன். மறுபடியும் ஏறினேன், மாட்டினேன், இறங்கினேன். ஆறேழு தடவை. அவர் பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளு" என்று வந்தார். தானே உட்கார்ந்தார். மாட்டினார். ஷெட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு ஓடப் பழக்கிக் கொடுக்கிற மாதிரி, தனக்குத்தானே எண்ணினார். "ஒண்ணு." பொத்தான். "ரெண்டு." கதவு. "மூணு." தெருவில் நின்றார். திரும்ப ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு செய்தார். இடது கையால் மட்டும் செய்து பார்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "மூணு எண்ணுறதுக்குள்ள வந்துரலாம். பரவால்ல. போட்டுக்கிடுறேன்" என்றார். ஸ்டியரிங்கைக் காட்டி, "உன் பக்கம் அந்தச் சனியன் இருந்துட்டுப் போகட்டும். நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடுறேன்" என்றார்.

இரண்டு பேருமாக மதுரைக்குப் போனோம். புதுப் பை மாட்டினார்கள். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்தார். மெக்கானிக்கிடம், "பெல்ட்டு எதுக்கு, அதான் பை வருதே?" என்று கேட்டார். மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார்: "ஊதி முடிச்ச பை மெத்தை அண்ணாச்சி. ஊதிக்கிட்டு இருக்கிற பை குத்து. பெல்ட்டு இல்லைன்னா நீங்க முந்திப் போய் அது மேல விழுவீங்க, அது மூஞ்சில குத்தும். பெல்ட்டு உங்களைக் கொஞ்சம் பிடிச்சு வச்சாத்தான் மெத்தையில விழுவீங்க." இவர் தலையை ஆட்டினார். வேலை புரிந்தவர் பேச்சு அவருக்குப் பிடிக்கும். திருப்தியாக டீ குடிக்க வெளியே போனார்.

அவர் போனதும் மெக்கானிக் குனிந்து, அவர் சீட்டுப் பக்கம் பெல்ட் சுருளுகிற இடத்தின் மூடியைத் தட்டினார். "டீச்சர், நீங்களும் தெரிஞ்சு வச்சிக்கோங்க. மஞ்சள் ஒயர் போற இடத்துல யாரையும் கை வைக்க விடாதீங்க. பை மட்டும் இல்ல. மோதுற நேரத்துல பெல்ட்டை வெடுக்குன்னு உள்ள இழுத்து இறுக்குறதுக்கு இதுலயும் ஒரு சிட்டிகை மருந்து இருக்கு. ரெண்டு சீட்டுக்கும்."

 "அவர்கிட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்லையே. சொல்லணுமா?"

"வாயே தெறக்காதீக."

இவர் வந்தார். ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்தார். பாதி இழுத்தவர் நிறுத்திவிட்டு, அது சுருண்டு போகிற மூடியைப் பார்த்தார். விரலால் தட்டினார். மருந்து வைத்திருக்கிற டப்பாவைத் தட்டிப் பார்க்கிற அதே தட்டு.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

கணக்கு வாத்தியாரின் மனைவியை நினைத்தேன். கொக்கியில் மாட்டிய சட்டைக் கையையும் நினைத்தேன். 

"வெறும் ஸ்பிரிங்கு" என்றேன்.

நான் என்றால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருப்பேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பேன், புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நீ சொன்னாச் சரி" என்று கொக்கியை மாட்டிக்கொண்டார்.

வண்டியை எடுத்தேன். திருமங்கலம் தாண்டும் வரை எந்த லாரிக்குப் பின்னாலும் நெருங்காமல் ஓட்டினேன்.